சாவி கேட்டு யாரும் வரவில்லை

தம்பி,

இரண்டு வாரத்துக்கு முன் நீ கண்டியிலிருந்து போன் எடுத்தபோது நான் கடையில் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "அம்மா, பழைய பங்களாவுக்கு என்னையத்தான் மேனேஜரா போட்டிருக்காங்க. ஒண்ணாந்தேதி வாறேன்" என்று நீ சொன்னதும் எனக்குக் கை ஓடவில்லை. நம் தோட்டத்தை நிர்வகித்த துரைமார் குடியிருந்த பங்களா அது. உன் அப்பா இருபத்தாறு வருஷம் இந்தத் தோட்டத்தில் வேலை செய்தும் அதன் முன்வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை. அதை ஹோட்டலாக்கிய கம்பெனி இப்போது அதன் பொறுப்பை அவருடைய மகனிடம் கொடுக்கிறது. நான் அழுதது உனக்குக் கேட்டிருக்கும். பிறகு நீ இன்னொன்றும் சொன்னாய். "லயத்தையும் காட்டலாம்னு ஒரு திட்டம் வச்சிருக்கேன் அம்மா. விருந்தாளிங்க காலைல மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்துப் பாப்பாங்க. அப்படியே லயத்துக்கு வந்து ஒரு வீட்டுல ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுட்டுப் போவாங்க. மொதல்ல நம்ம லயத்துலயே ஆரம்பிக்கலாம். நீங்க பொம்பளைங்ககிட்ட சொல்லி வைங்க." நான் "சரி, பாக்குறேன்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ நாலைந்து தடவை எடுத்தும் நான் பேசவில்லை. சிக்னல் இல்லை என்று நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. சொல்ல வேண்டியதைப் போனில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சொல்லி வைங்க என்றாய். கேட்டுப் பாருங்க என்று நீ சொல்லவில்லை. அந்த ஒரு சொல்தான் என்னை இத்தனை நாளும் தூங்கவிடாமல் செய்தது. உனக்கு ஒன்பது வயதில் நடந்தது நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. சண்டை கொஞ்சம் நின்று சமாதானப் பேச்சு நடந்த காலம். கலஹா ரோட்டில் வேன்கள் மறுபடி ஏறி வரத் தொடங்கியிருந்தன. நீ பீலியில் குளித்துக்கொண்டிருந்தாய். மலையிலிருந்து குழாய் போட்டு இறக்கிய அந்தத் தண்ணீரில்தான் லயத்து வரிசை வீட்டுக்காரர் எல்லாரும் குளிப்போம். ரோட்டில் நின்ற ஒரு வெள்ளைக்காரர் இறங்கி வந்து உன்னைப் படம் எடுத்தார். கெட்ட மனிதர் இல்லை. சிரித்தார், எழுத ஒரு பேனையும் கொடுத்தார். நீ உடம்பெல்லாம் சவர்க்காரத்தோடு வீட்டுக்கு ஓடி வந்து, "நான் குளிக்கிறத ஏம்மா படம் புடிச்சாங்க? அவங்க ஊர்ல யாரும் குளிக்க மாட்டாங்களா?" என்று கேட்டாய். நான் சிரித்தேன். உன் அப்பாவும் சிரித்தார். அதன் பிறகு எத்தனையோ வாரம் நீ பீலிக்குப் போகாமல், வாளியில் தண்ணீர் அள்ளி வந்து வீட்டுக்குப் பின்னால் குளித்தாய். அந்தப் பேனையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாய். அன்றைக்கு உன் கேள்விக்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். உன்னைக் கேட்காமல் எடுத்தது பிழை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இன்று நீயே அந்த வேனை லயத்துக்குள் ஓட்டி வரப் பார்க்கிறாய் என்றால், அதில் உன் பிழை குறைவு.

அதைவிடப் பெரிய ஒன்று இருக்கிறது. அதை நீ வேறு யாரிடமிருந்தும் கேட்பதற்கு முன் என்னிடமிருந்து கேட்க வேண்டும்.

யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருஷத்தில் கண்டிக்கு வருகிறவர்கள் கூடிப்போனார்கள். தலதா மாளிகையைப் பார்த்துவிட்டு, பேராதனைப் பூங்காவையும் பார்த்துவிட்டு, அடுத்ததாகத் தேயிலை பார்க்க நம் பக்கம் ஏறி வந்தார்கள். மூன்றாம் நம்பர் மலையின் உச்சியில், ரோடு வளைகிற இடத்தில் தோட்டம் ஒரு தேத்தண்ணிக் கடையும் கண்ணாடி போட்ட ஒரு மேடையும் கட்டியது. மேடையில் நின்றால் கீழே கொழுந்து எடுக்கிற பெண்கள் எல்லாரும் தெரிவார்கள். உன் அப்பா இறந்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள், சிங்களம் பேசுவேன், இங்கிலீஷை உடைத்து உடைத்துப் பேசுவேன் என்பதால் என்னை மலையிலிருந்து எடுத்துக் கடையில் விட்டார்கள். பளபளக்கிற சேலை, கொழுந்தே விழாத ஒரு புதுக் கூடை. விருந்தாளிகள் என்னோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். மாலையில் வீட்டுக்கு வந்து கால்களைப் பார்ப்பேன். அட்டை கடிக்காத கால், வெடிப்பு ஆறிய கால். எனக்குப் பெருமையாக இருந்தது தம்பி. அந்தப் பெருமையில் நான் என்ன மறந்தேன் என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

கடைக்குப் பின்னால் விருந்தாளிகளுக்கு நாலு கழிப்பறை கட்டியிருந்தார்கள். ஓடு பதித்து, கண்ணாடி மாட்டி, எந்நேரமும் தண்ணீர் வருகிற கழிப்பறை. சாவி என்னிடம் இருந்தது. விருந்தாளிகளுக்கும் கடையில் நிற்பவர்களுக்கும் மட்டும் என்பது உத்தரவு. எழுதி ஒட்டவில்லை, வாயால் சொன்னது. கீழே மலையில் வேலை செய்கிற பெண்களுக்கு அப்போது ஒன்றும் கிடையாது. முன்பும் கிடையாதுதான். ஆனால் முன்பு மலையில் வேறு ஆட்கள் இருக்கமாட்டார்கள். அவசரம் என்றால் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் இறங்கி ஒதுங்குவோம், ஒருத்தி காவலுக்கு நிற்பாள். மேடை வந்த பிறகு அந்த மறைவும் போய்விட்டது. மேலே எந்நேரமும் கமராவோடு ஆட்கள். கண்ணாடிக்குழாய் வைத்துத் தூரத்தைப் பக்கத்தில் இழுத்துப் பார்க்கிறவர்கள். அதனால் பெண்கள் காலையில் தேத்தண்ணி குடிப்பதை விட்டார்கள். வெயிலில் நாக்கு ஒட்டினாலும் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். இதெல்லாம் எனக்கு உடனே தெரியவரவில்லை, ஏனென்றால் நான் அப்போது அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

ஒருநாள் காலை சிவகாமி அக்கா மேலே ஏறி வந்தார். நம் லயத்துக் கடைசி வீட்டில் இருந்தவர். உன் அப்பா இறந்தபோது பதினாறு நாளும் நமக்கு அடுப்பு மூட்டியவர், உன்னை உட்கார வைத்துச் சோறு போட்டவர். மழை தூறிக்கொண்டிருந்தது. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு நனைந்து தொங்கியது.

"புள்ள, சாவிய குடு. அவசரமா இருக்கு" என்றார்.

"துரை கண்டா பேசுவாருக்கா. விருந்தாளிங்க இருக்காங்க."

"நான் பின்னால சுத்திப் போயிருறேன். யாரும் பாக்க மாட்டாங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒங்க காலெல்லாம் சேறுக்கா" என்றேன். அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். அந்த நேரம் ஒரு வெளிநாட்டுப் பெண் கழிப்பறையிலிருந்து வெளியே வந்து எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள். சிவகாமி அக்கா திரும்பி இறங்கிப் போனார். அவர் எங்கே ஒதுங்கினார், என்ன பாடு பட்டார் என்று நான் கேட்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு அவர் இன்னும் இரண்டு பெண்களோடு நம் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று பயந்தேன். "நீதான் நல்லா எழுதுவ. தொரைக்கு ஒரு கடிதாசி எழுதித் தா" என்றார். சேற்றைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. நான் எழுதிக் கொடுத்தேன். மலையில் தண்ணீரோடு இரண்டு கழிப்பறை வேண்டும், அது கட்டும் வரை கடைச் சாவியைத் தர வேண்டும், அவ்வளவுதான் கேட்டிருந்தார்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், எழுதத் தெரியாதவர்கள் பெருவிரல் வைத்தார்கள். நான் போடவில்லை. "நான் கடையில நிக்கிறவ அக்கா" என்றேன். "சரி" என்று சொல்லித் தாளை மடித்து எடுத்துக்கொண்டார். தோட்டத்துக்கு ஒரு தொழிற்சங்கம் இருந்தது, தலைவர் இருந்தார். அவர் அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு, இது சம்பளப் பிரச்சினை இல்லையே என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாராம். துரையிடமிருந்தும் பதில் வரவில்லை.

பதில் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. நசீர் நானாவை உனக்கு மறந்திருக்காது. கண்டியிலிருந்து வேனில் விருந்தாளிகளைக் கூட்டி வருவாரே, உனக்கு ஹோட்டல் பயிற்சிக்கு விண்ணப்பப் படிவம் கொண்டு வந்து தந்தவரும் அவர்தான். ரோட்டோரத்தில் சிவகாமி அக்கா அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அவர் கண்டி ஸ்டேஷன் பக்கத்தில் வேன் நிறுத்துகிற மற்ற டிரைவர்மாரிடம் பேசினார். சிங்கள ஆட்கள், முஸ்லிம் ஆட்கள், நம் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து வேன் நிறுத்தும் இடத்துக்காக ஒரு சிறு சங்கம் வைத்திருந்தார்கள். அந்தச் சங்கத்தில் முடிவு எடுத்தார்கள். மலையில் வேலை செய்கிற பெண்களுக்குச் சாவி கிடைக்கும் வரை நம் கடையில் வேன் நிறுத்துவதில்லை, அடுத்த தோட்டத்துக் கடைக்குப் போவது என்று. அந்த முடிவை எனக்குச் சொல்ல நசீர் நானா தனியாக வந்தார்.

"தங்கச்சி, இது ஒங்களோட கோவமில்ல. நான் செல்றத கேளுங்க. என்ட உம்மா இப்பிடி ஒரு எடத்துல நின்டு வேல செஞ்சா நான் பாத்துட்டு சும்மா ஈப்பனா? நாங்கதானே ஆக்கள கூட்டிட்டு வந்து காட்டுறோம். நாங்க காட்டுற எடத்துல நடக்குறதுக்கு நாங்களும் பொறுப்புதானே."

தம்பி, நீ இனி விருந்தாளிகளை வைத்து வாழப்போகிறவன். இந்தத் தொழிலைப் பற்றி நான் கேட்ட பேச்சிலேயே நியாயமான பேச்சு அதுதான். பெரிய படிப்புப் படித்தவர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து நம் கடையில் எத்தனையோ கூட்டம் நடத்தியிருக்கிறார்கள். ஒருவரும் இதைச் சொன்னதில்லை.

மூன்று வாரம் மேடை காலியாகக் கிடந்தது. கொழும்பிலிருந்து கம்பெனி ஆட்களும் சுற்றுலா ஏஜென்சிக்காரர்களும் விசாரிக்க வருவதாகச் சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை காலை கடையிலேயே கூட்டம். அதற்கு முதல்நாள் துரை என்னை ஆபிசுக்குக் கூப்பிட்டார். கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார். அந்த ஆபிசில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"ஒங்க மகனோட விண்ணப்பம் வந்திருக்கு. தோட்டத்துலருந்து ஒரு கடிதம் கேட்டிருக்காங்க. நல்ல புள்ள. குடுக்கலாம்" என்றார். டைப் அடித்த கடிதம் மேசையில் இருந்தது, கையெழுத்து மட்டும் இல்லை. பிறகு, "நாளைக்கு வாறவங்க ஒங்ககிட்டயும் கேப்பாங்க. சாவி ஒங்ககிட்டதானே இருக்கு? கேட்டவங்களுக்குக் குடுத்தோமா இல்லையான்னு நீங்கதான் சொல்லணும்" என்றார்.

பொய் சொல் என்று அவர் சொல்லவில்லை. சத்தம் போடவும் இல்லை. பல வருஷம் நான் அவர் பேச்சையே பிடித்துக்கொண்டு, அவர் சொல்லித்தான் செய்தேன் என்று ஆறுதல் தேடினேன். அவர் சொல்லவில்லை என்பதுதான் உண்மை. என்ன சொல்ல வேண்டும் என்று நானே கண்டுபிடித்துக்கொண்டேன்.

மறுநாள் பெண்கள் எல்லாரும் கொழுந்துக் கூடையோடு வந்து கடை வாசலில் நின்றார்கள். டிரைவர்மார் ஒரு பக்கம், கொழும்பு ஆட்கள் கதிரைகளில். சிவகாமி அக்கா பேசினார். தடுமாறாமல், யாரையும் திட்டாமல் பேசினார். பிறகு கொழும்பு ஐயா ஒருவர் என்னைப் பார்த்து, பெண்கள் வந்து சாவி கேட்டார்களா, நீங்கள் மறுத்தீர்களா என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். "கேட்டா குடுப்போம். சாவி கேட்டு யாரும் வரல்ல" என்றேன். அவர்களுக்கு விளங்க வேண்டும் என்று சிங்களத்திலும் சொன்னேன்.

சிவகாமி அக்கா கத்தவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நசீர் நானா தலையைக் குனிந்துகொண்டார். கொழும்பு ஐயா டிரைவர்மார் பக்கம் திரும்பி, "அப்போ உங்க முறைப்பாடு என்ன?" என்று கேட்டபோது ஒருவருக்கும் பேச வாய் வரவில்லை. அத்தோடு முடிந்தது. பொய்யைப் பரப்பித் தொழிலைக் கெடுத்தார்கள் என்று ஏஜென்சிகள் டிரைவர்மாரை ஏசின. அவர்களுக்கும் குடும்பம் இருந்தது, அடுத்த வாரமே வேன்கள் திரும்பி வந்தன. நசீர் நானாவை மட்டும் அவருடைய ஏஜென்சி பிறகு கூப்பிடவே இல்லை. சிவகாமி அக்காவைத் தூரத்து மலைக்கு மாற்றினார்கள். விடியுமுன் கிளம்பினால்தான் நேரத்துக்குப் போய்ச் சேரலாம், பிந்தினால் அரைநாள் சம்பளம்தான். நாலு மாதம் நடந்து பார்த்தார். பிறகு வீட்டைக் காலி செய்துகொண்டு கம்பளையில் இருந்த தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். போகிற அன்று நான் கடையில் இருந்தேன். இறங்கி வந்து வழியனுப்பவில்லை.

திங்கட்கிழமை உன் கடிதத்தில் கையெழுத்து விழுந்தது. அதை உன் கையில் கொடுத்தபோது நீ என் காலில் விழுந்தாய். உன் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தேன். அந்த இடம் உனக்கு எப்படிக் கிடைத்தது என்று இத்தனை வருஷமும் நீ அறியாமல் இருந்தாய். நீ கெட்டிக்காரன், அந்தக் கடிதம் இல்லாமலே கூடக் கிடைத்திருக்கலாம். எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்கிற வழியை உனக்கும் எனக்கும் சேர்த்து நான் அடைத்துவிட்டேன். இதை வாசிக்கும்போது உனக்கு என்மேல் வெறுப்பு வரலாம். வந்தால் அதை மறைக்காதே. ஆனால் உன் உழைப்பை வெறுத்துவிடாதே. கூட்டத்தில் நின்று பேசியது என் வாய்.

நசீர் நானாவிடம் சொல்ல எனக்கு ஒரு தருணம் கிடைத்தது. சில வருஷம் கழித்துக் கண்டி மார்க்கெட் வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது ஒரு த்ரீவீலர் வந்து நின்றது. அவர்தான். "ஏறுங்க தங்கச்சி, குட்ஷெட் பஸ் ஸ்டாண்ட்ல விட்டுட்டுப் போறன்" என்றார். வழியெல்லாம் உன்னைப் பற்றித்தான் கேட்டார். "மகன் எப்பிடி ஈக்கிறாரு?" பெரிய ஹோட்டலில் இருக்கிறான் நானா என்றேன். "மாஷா அல்லாஹ்" என்றார், மனசாரச் சொன்னார். வேன் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. மன்னித்துவிடுங்கள் என்ற சொல்லைச் சொல்லாமலே, பஸ் வந்துவிட்டது என்று இறங்கிவிட்டேன். நாடு முழுக்கப் பூட்டிக் கிடந்த அந்த நோய்க் காலத்தில் அவர் இறந்து போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன். இனி அந்தச் சொல்லை நான் யாரிடம் சொல்வது?

மூன்றாம் நம்பர் மலையில் இப்போது இரண்டு கழிப்பறை இருக்கிறது. நம் தேயிலையை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பிய ஆட்கள் ஒருமுறை பெண்களிடம் நேரே வந்து கேட்டார்கள், இளம் பெண்கள் பயப்படாமல் சொன்னார்கள், அதன் பிறகு கட்டினார்கள். அதில் என் பங்கு ஒன்றுமில்லை.

நீ போன் எடுத்த வாரத்துச் சனிக்கிழமை நான் கம்பளைக்குப் போனேன். கலஹாவிலிருந்து பேராதனை, அங்கிருந்து இன்னொரு பஸ். சிவகாமி அக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் கடைகளுக்கு இடியாப்பம் அவித்துக் கொடுக்கிறார். என்னைக் கண்டதும், "வா, உக்காரு" என்றார். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், உன் கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். அதை அவர் அறிந்திருக்கவில்லை. கேட்டுக்கொண்டே மாவைப் பிழிந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"சாவி கேட்டு வந்தது நான்தானே புள்ள? எனக்குத் தெரிஞ்சதையே எனக்கு வந்து சொல்றியே. அன்னைக்கு எத்தன பேருக்கு முன்னால சொன்ன? இப்ப என் அடுப்படில உக்காந்து மெதுவா சொல்ற."

நான் அழுதேன். அவர் அழவிட்டார்.

"அங்க இருக்குற சின்னப் புள்ளைங்க எல்லாம் என்னைய என்னான்னு நெனச்சிருக்குதுங்க தெரியுமா? சிவகாமி சண்டைக்காரி, பொய் சொல்லி வேன நிறுத்தினவ. அங்க போய் சொல்லு."

"நீங்களும் வாங்கக்கா."

"நான் எதுக்கு? நான் வந்து நின்னா, எனக்காகச் சொன்ன மாதிரி ஆயிரும்." எழுந்து அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "ஒன் மகனுக்கும் சொல்லு. அவன் மேல எனக்குக் கோவமில்ல. ஆனா சொல்லாம விட்டேன்னா அவனும் ஒன்னைய மாதிரியே செய்வான்."

இதுவரை எழுதியதை நேற்று ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் பெண்களைக் கூட்டி வைத்து வாசித்தேன். உனக்கு வருமுன் அவர்களுக்குப் போயிருக்கிறது. அதற்காக நீ கோபப்பட்டால் எனக்கு வருத்தமில்லை. மலையில் வேலை செய்கிறவர்கள் வந்திருந்தார்கள், வேலையை விட்டு வீட்டில் இருக்கிற பழையவர்களும் வந்திருந்தார்கள். வாசித்து முடித்ததும், அன்றைக்குக் கூட்டத்தில் நின்ற ஒரு அக்காதான் முதலில் வாய் திறந்தார். "நீ சொன்னது பொய்னு அன்னைக்கே எங்களுக்குத் தெரியும். நாங்களும்தான் வாயத் தொறக்கல்ல. எங்களுக்கும் புள்ளைங்க இருந்துச்சு." அவர் அதைச் சொன்ன பிறகு எனக்கு லேசாக இருக்கும் என்று நினைத்தேன். இருக்கவில்லை. ஒரு சொல்லால் நான் சிவகாமி அக்காவுக்கு மட்டும் துரோகம் செய்யவில்லை, இத்தனை பேருடைய வாயையும் கட்டிவிட்டேன் என்று அப்போதுதான் விளங்கியது.

இளம் பெண்களில் திலகா என்று ஒருத்தி இருக்கிறாள், உனக்குத் தெரியாது, மருமகளாக வந்தவள். அவள் எழுந்து, "சரி, நடந்தது நடந்துபோச்சு. சிவகாமி அக்காகிட்ட நாங்க நாலு பேரு போய்ப் பேசிக்கிறோம். இப்ப லயத்துக்கு ஆள் கூட்டிட்டு வாறதுக்கு என்னா பதில்?" என்று கேட்டாள். அதன் பிறகு மண்டபத்தில் சத்தம் அடங்க ஒரு மணித்தியாலம் ஆனது. சிலர் வேண்டவே வேண்டாம் என்றார்கள். வீட்டுக்குள் மாமியார் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார், அவரை யார் பார்க்க வேண்டும் என்று ஒருத்தி கேட்டாள். சிலருக்கு விருப்பம் இருக்கிறது. நன்றாகச் சமைப்போம், நாலு பேரோடு பேசினால் என்ன குறைந்துபோகும் என்றார்கள். எந்த வீடு என்று யார் முடிவு செய்வது, பிள்ளைகளைப் படம் எடுக்க விடுவதா, வேண்டாம் என்று ஒரு நாள் சொன்னால் மறுநாள் வேலையில் அந்தக் கோபத்தைக் காட்டுவார்களா என்று கேள்விக்கு மேல் கேள்வி. நான் எல்லாவற்றையும் தாளில் குறிக்கத் தொடங்கினேன். "மகன்கிட்ட நான் எடுத்துச் சொல்றேன்" என்றேன். திலகா வந்து என் முன்னால் நின்றாள். "நீங்க நடுவுல வேணாம் அக்கா. அவர வந்து கேக்கச் சொல்லுங்க. போன்ல இல்ல, நேர்ல." அவள் சொன்னது சரிதான் என்று தாளைக் கிழித்துவிட்டேன்.

அதனால் அவர்கள் கேட்டதை மட்டும் உனக்குச் சொல்கிறேன். நீ பொறுப்பேற்பதற்கு முன் வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு அவர்கள் மண்டபத்தில் இருப்பார்கள். கங்காணியை அனுப்பாதே, சங்கத் தலைவரோடு வராதே, பங்களா ஜீப்பில் வராதே. பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வா. உன் திட்டத்தைச் சொல், பிறகு அவர்கள் பேசுவதை முழுவதும் கேள். அவர்கள் வேண்டாம் என்றால் சிரித்துப் பேசிச் சம்மதிக்க வைக்கப் பார்க்காதே, உனக்கு அது நன்றாக வரும் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்பதைக் கொண்டு போய்க் கம்பெனிக்குச் சொல். அதைச் சொல்வதில் உன் வேலைக்கு ஆபத்து வரலாம். வரட்டும் என்று ஒரு தாய் எழுதுவது சுலபமில்லை தம்பி, இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஒரு முழுநாள் ஆனது.

கூட்டம் முடிந்து வீட்டுக்குச் சாப்பிட வருவதா வேண்டாமா என்பது உன் விருப்பம். சோறு ஆக்கி வைத்திருப்பேன். ஆனால் மண்டபத்துக்குள் வரும்போது என்னைத் தேடாதே, உனக்காக ஒரு வார்த்தை பேசுவேன் என்று எதிர்பார்க்காதே. அவர்களோடு பாயில் உட்கார்ந்து, நீ என்ன கேட்கப்போகிறாய் என்று நானும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அம்மா